திமிலில் விட்டுவந்த கனம்

கூடைக்கரையில் ராட்டினங்களைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே மனிதர் நாச்சிமுத்து. எங்களுக்கெல்லாம் ராட்டினம் என்பது மாரியம்மன் திருவிழாவான நோம்பியோடு வந்து நோம்பியோடு போவது, ஏறினால் தலை சுற்றும், இறங்கினால் டெல்லி அப்பளம் தின்னலாம், அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்த ஊர் இது. ஜாக்கெட் தைக்கும் நாச்சிமுத்துவுக்கு அப்படி இல்லை. அளவு கொடுக்க வந்த பெண்கள் நின்றுகொண்டே இருக்க, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி அவர் ராட்டினங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நியாயம் தீர்ப்பார்.

ஜெயன்ட் வீல் வீட்டில் மொட்டைமாடி இல்லாதவர்கள் ஏறவேண்டியது. கொலம்பஸ் கப்பலில் கடைசி வரிசையில் உட்காராதவன் கீழேயே நின்றிருக்கலாம். பிரேக் டான்ஸ், கிரைண்டரில் உளுந்துக்கு நடப்பதை மனிதனுக்குச் செய்வது. டோரா டோராவில் ஏறி இறங்கினால் கழுத்து வலியைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. மரணக் கிணறு இந்தக் கணக்கிலேயே சேராது, அது அடுத்தவன் பயத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பது. ரோலர் கோஸ்டர் ஒன்றுதான் ராட்டினங்களில் ராட்டினம், அதிலும் உயரம், வேகம், தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் விளம்பரப் பலகைக்கு ஆனவை. தலைகீழாகச் சுற்றும்போது சீட்டு நம்மை அழுத்துகிறது, அழுத்துவதற்கு ஒரு மெஷின் எதற்கு, அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள் என்பார். முதல் சரிவில் விழுந்து எழுந்த வண்டி அடுத்த சின்ன மேட்டைத் தாண்டும்போது, உட்கார்ந்திருப்பவனுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழவேண்டும், அந்தக் கண்ணிமைப்பில் மனிதன் தன் கனத்தை மறக்கவேண்டும், அதைத் தராததெல்லாம் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டி. “ஏறுனவன் ஏறுனாப்பலயே எறங்குனா அதுக்கு எதுக்குங்க ராட்டினம்?” என்று கேட்டுவிட்டுத்தான் நாடாவைக் கையில் எடுப்பார்.

இந்தக் கொள்கைக்காகவே அவர் நோம்பிக்குக் காப்புக் கட்டியதில்லை. எங்கள் ஊரில் நோம்பி சாட்டிக் கோயில் முன்னால் கம்பம் நட்டதும் வேண்டுதல் உள்ளவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டியவர்கள் கம்பம் பிடுங்கும் நாள்வரை ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. பங்குனி, சித்திரையில்தான் சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம் பொருட்காட்சி நடக்கும், எல்லை தாண்டாமல் நாச்சிமுத்து எப்படி இருப்பார். அவர் சார்பில் மனைவி பழனாத்தாள் வருஷம் தவறாமல் கட்டிக்கொள்வாள். இதெல்லாம் நடந்த வருஷம் மகள் நவீனாவுக்கும் கட்டினார்கள். அதற்கு முந்தின ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்து, பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கிறவரைக்கும் நாச்சிமுத்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தபோது, பழனாத்தாள் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளை பிழைத்தால் அவள் கனத்துக்குக் கனம் வெல்லம் நிறுத்துப் போடுகிறேன் தாயே என்று வேண்டியிருந்தாள். பிள்ளை பிழைத்தது. கொடுத்த வாக்கைத் தீர்க்காதவரை அந்த உயிர் நம்முடையது ஆகாது என்பது பழனாத்தாளுடைய நம்பிக்கை, எங்களுடையதும் அதுதான்.

அந்த வருஷம், நோம்பிக்கு ராட்டினம் போடும் ஜபருல்லா எங்கள் ஊருக்கு முதல்முறையாக ரோலர் கோஸ்டர் கொண்டுவந்தார். கோயிலுக்குக் கிழக்கே உள்ள புறம்போக்கு நிலம் அதற்குப் போதவில்லை. வால்பக்கம் எல்லைக்கல்லைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்காட்டுக்குள் வளைந்து, அங்கே ஒரு சின்ன மேடு ஏறி இறங்கித் திரும்பி வந்தது. காங்கேயம் காளையைப் பார்த்துப் பழகிய கண்கள் என்பதால் அந்த மேட்டுக்குத் திமில் என்று பெயர் வைத்துவிட்டோம். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள், தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தார்கள், சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். காப்புக் கட்டியவர்கள் ஏறினால் எல்லை தாண்டியதாகுமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டிக்கெட் கவுண்டர் ஊருக்குள் இருந்தது, அதனால் ராட்டினமும் ஊருக்குள்தான் என்று எடுத்துக்கொண்டோம்.

பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் நாச்சிமுத்து அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். திமிலின் உச்சியில் இருவருடைய உடம்பும் சீட்டை விட்டு எழும்பின, நூல் என்ன, நூல்கண்டே நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. இறங்கும்போது எல்லார் காலடியிலும் தடதடவென்று சத்தம் போடும் தகரப் படிக்கட்டு நவீனா இறங்கியபோது சத்தம் போடவில்லை. நாச்சிமுத்து அதைக் கவனிக்கவில்லை. அவர் ஜபருல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாய், நானும் எத்தனையோ எடத்துல ஏறியிருக்கறனுங்க. மெட்ராஸ்ல பெரிய பெரிய பார்க்குலகூட இப்பிடி ஒரு திமிலு இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும், மகள் வண்டியில் ஏறவே இல்லையோ என்று பயந்து அவர் மொபெட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் அவள் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துலாபாரத்தன்றுதான் தெரிந்தது. கோயில் தராசின் ஒரு தட்டில் நவீனா பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்தாள், தட்டு இறங்கவில்லை. கோயிலில் பூசை செய்யும் பண்டாரம் சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். எதிர்த் தட்டில் பழனாத்தாள் முதல் வெல்ல உருண்டையை வைத்ததும் அந்தத் தட்டு மளாரென்று கீழே போய்த் தரையில் முட்டியது, நவீனா மேலே போய்விட்டாள். வேறு பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தார்கள், தராசு ஒழுங்காக இறங்கியது. திரும்ப நவீனாவை வைத்தார்கள், காலித் தட்டுக்குக் காலித் தட்டாக நின்றது. “நிறுத்தாத்தானுங்க வேண்டுதலு. எத நிறுத்தறது இப்ப?” என்று பண்டாரம் சொன்னார். பழனாத்தாள் கையில் எடுத்த இரண்டாவது உருண்டையைத் திரும்பக் கூடையில் வைத்தாள்.

நாங்கள் அதிசயத்தைக் கண்டு மயங்கிவிழும் ஊர் அல்ல. அன்று மாலைக்குள் டீக்கடையில் விஷயத்தைப் பிரித்துப்போட்டுக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம். அப்பனும் மகளும் ஒரே வண்டியில் போனார்கள், அப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மகள் கையில் காப்பு இருந்தது. காப்போடு எல்லை தாண்டியவளின் கனத்தை ஆத்தா அங்கேயே நிறுத்திக்கொண்டாள், திமிலில் சீட்டை விட்டு எழும்பிய நேரத்தில் அது கழன்று அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. எல்லை தரைக்கு மட்டுமா, ஆகாயத்துக்கும் உண்டா என்று இன்னும் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது, ஆகாயத்துக்கும் உண்டு என்பவர்கள் ஜெயித்தார்கள். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனோம்.

நவீனா பறக்கவில்லை, மிதக்கவில்லை. எப்போதும் போலச் சாப்பிட்டாள், சண்டை போட்டாள், வீட்டுப்பாடத்துக்கு அழுதாள். அவள் படுத்தால் கயிற்றுக்கட்டில் தொய்யவில்லை, ஊஞ்சலில் உட்கார்ந்தால் சங்கிலி முனகவில்லை, ஈர மண்ணில் நடந்தால் தடம் விழவில்லை, அவ்வளவுதான். ஊர் அவளை உடனே வேலைக்கு வைத்துக்கொண்டது. ஓட்டுக்கூரையில் சருகு கூட்ட, ஓடு உடையாமல் நடக்க அவளைவிட்டால் ஆள் இல்லை. முருங்கைக் கிளை அவள் ஏறினால் முறியவில்லை. சித்திரைக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் நாச்சிமுத்து அவளுடைய பாவாடை விளிம்புகளையெல்லாம் பிரித்து, வட்ட வட்ட இரும்பு வாஷர்களை உள்ளே வைத்துத் தைத்தார். கடையில் ராட்டினப் பேச்சு நின்றுபோனது. மொபெட்டில் மகளைக் கூட்டிப்போகும்போது முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் பத்தடிக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார், ஒருமுறை பால்வண்டியில் மோதப் பார்த்தார்.

“அப்பா, நான் இருக்கறன். முன்னால பாத்து ஓட்டு” என்று நவீனா சொன்னாள்.

“தெரியுது கண்ணு” என்றார் அவர், தெரியவே இல்லை.

இதற்குள் ஊருக்கு வேறொன்று தோன்றிவிட்டது. மூட்டுவலிக்காரர்களும், படியேறினால் மூச்சு வாங்குகிறவர்களும், கல்யாணத்துக்குள் இளைக்கவேண்டிய பெண்களும் ஜபருல்லாவின் ராட்டினத்துக்கு வரிசை கட்டினார்கள். காப்பு இல்லாதவர்களுக்குப் பண்டாரம் புதிதாகக் கட்ட மறுத்தார், மளிகைக்கடையில் மஞ்சள் கயிறு வாங்கித் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அப்படி வீட்டில் கட்டியதையும் ஆத்தா காப்பாகவே எடுத்துக்கொண்டாள், அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. திமிலைத் தாண்டித் திரும்பி வந்தவர்கள் தகரப் படியில் சத்தமில்லாமல் இறங்கி, முழங்காலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். டீக்கடை பெஞ்சில் இடம் இல்லாமல் ஆள் உட்கார்ந்தும் பலகை வளையவில்லை. பழனாத்தாள் மட்டும் வாசலில் நின்று, வேண்டுதலைத் தீர்க்க முடியாத தன் மகளைப் போல ஆவதற்கு ஊரே டிக்கெட் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நின்று பேச எங்களுக்கு நேரம் இல்லை.

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ரங்கப்பன். வெல்ல மண்டியில் வாலிபம் தொடங்கி மூட்டை தூக்கியவர், தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றி அவர் நடந்துவரும் தெம்பைப் பார்த்துத்தான் மண்டிக்காரர்கள் லாரிக்கு நேரம் குறிப்பார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்து, திண்டாடி நடந்துகொண்டிருந்தவர் ராட்டினத்தில் போய்விட்டு வந்து, “அடேய், என்ற கனமே எனக்குப் பாரமா இருந்துதுடா இத்தன நாளு” என்று மகன் பொங்கியண்ணனிடம் சொல்லி, தெருக்கோடிவரை கைவீசி நடந்து காட்டினார். அந்த வாரமே ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கோயில் நடையைச் சாத்திவிட்டு எல்லாரும் போனோம். பாடையை நாலு பேர் தூக்கினார்கள், தூக்கியதும் முகம் மாறிப்போனார்கள். பச்சை மூங்கிலின் கனமும் மாலையின் கனமும்தான் தோளில் இருந்தது. பாரம் இல்லாததால் கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன, பறையடிப்பவர்கள் பின்தங்கிவிட்டார்கள். தோள் மாற்ற வந்தவர்களுக்கு மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. பாதி வழியில் பாடையை இறக்கி வைக்கும் இடத்தில் பொங்கியண்ணன் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.

“ஊரு மூட்டையெல்லாம் தூக்குன மனுசனுங்க” என்று அவன் சொன்னான். “அவரத் தூக்க எனக்கு ஒரு நாளு. தோளே நோவலீங்க. எங்கப்பனத் தூக்குனாப்பலயே இல்லீங்க.”

எரித்துவிட்டு வந்து குளித்த பிறகும் எங்களுக்குத் தோள் உறுத்திக்கொண்டே இருந்தது, நோகாமல் போனதால் உறுத்தியது. மறுநாள் ராட்டினத்தில் வரிசை இல்லை. கனத்தைத் தொலைத்தவர்கள் வீட்டில் இருப்பவர்களின் முகத்தை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள், இருப்பவர்களும் அவர்களை அப்படியே பார்த்தார்கள். அன்றைக்குத்தான் பழனாத்தாள் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

கம்பம் பிடுங்கும் நாள் வந்துவிட்டது. சாயங்காலம் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டதும் காப்பை அவிழ்த்துவிடுவார்கள், நோம்பி முடிந்துவிடும், துலாபாரத் தராசைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். ஜபருல்லாவின் ஆட்கள் காலையிலேயே தண்டவாளத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். பண்டாரம் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார். “காப்பு அவுத்துட்டா கனம் அங்கயே மண்ணோட போயிருமுங்க. காப்புக் கட்டாத ஆளு போயி எடுத்தாரலாம். நீங்கதான் என்னைக்கும் கட்டறதில்லையே” என்றார். அதில் குத்தலும் இருந்தது, வழியும் இருந்தது. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றி எல்லைக்கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

திமிலுக்கு நேர்கீழே கொழுக்கட்டைப் புல் படுத்துக் கிடந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எறும்புகள் மட்டும் அங்கங்கே வளைந்து சுற்றிப் போயின. அவர் குனிந்து, கைகளைக் கூட்டி, காற்றைத் தூக்கினார், காற்று கனத்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்து வைத்தார், இன்னொன்றைத் தூக்கினார். தன்னிடம் வருஷக்கணக்காக ஜாக்கெட் தைத்துக்கொண்ட பெண்களுடையவையும் அங்கே கிடந்தன, அளவு தெரிந்திருந்ததே தவிர யாருடைய கனமும் அவருக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தூக்கியதும் தானாகவே மேல்முதுகுக்கு ஏறிப் பதிந்து உட்கார்ந்தது, மூட்டை போல. அதை அவர் மெதுவாக இறக்கி, தனியாக, மரியாதையாக வைத்தார்.

அவர் தேடியது ஐப்பசியில் தோளில் கிடந்த கனத்தை. இடது தோளில் கொதிக்கும் தலை, தொடையில் இடித்துக்கொண்டே வந்த கால்கள், இரவா பகலா என்று தெரியாமல் வராந்தாவில் நடந்த அந்தக் கனம் அவர் உடம்புக்குள் அப்படியே இருந்தது. அதை எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் வந்தார். வெயில் ஏறி, சாய்ந்து, மேலே தண்டவாளங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பிள்ளைகளின் கனம் அங்கே ஒன்றுதான் இருந்திருக்கவேண்டும், அதைக் காணவில்லை. ஓரத்தில் ஒன்றை இரண்டுமுறை தூக்கினார், தோளுக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது, யாரோ குமரியுடையது என்று வைத்துவிட்டார். கோயிலில் கம்பத்துக்குக் கடைசிப் பூசை மேளம் தொடங்கியபோது அவர் புல்லில் மண்டியிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து தேட ஆரம்பித்தார்.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் பழனாத்தாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இருவர் கையிலும் காப்பு இருந்தது, தாண்ட முடியாது.

“இல்ல பழனா. அந்தக் கனம் இங்க இல்ல” என்றார் நாச்சிமுத்து.

“ஏனுங்க மாமா, எந்தக் கனத்தத் தேடறீங்க?”

“ஆசுபத்திரில தூக்குனது.”

பழனாத்தாள் மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். “சீக்குல தூக்குன கனத்தையே தேடுனா எப்பிடீங்க கெடைக்கும்? அதுக்கப்பறம் நான் போட்ட சோறெல்லாம் எங்க போச்சு? அவ ஒரு சாண் வளந்துட்டா மாமா. நீங்கதான் அதுக்கப்பறம் அவளத் தூக்கவே இல்ல” என்றாள்.

நாச்சிமுத்து எழுந்து ஓரத்துக்குப் போனார். இரண்டுமுறை வேண்டாமென்று வைத்ததை மூன்றாவது முறை தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கனமாகத்தான் இருந்தது, ஆனால் அது தானாகவே இடது பக்கம் சாய்ந்தது, ரெண்டடி நடந்ததும் தொடையில் ஏதோ இடித்தது, முன்பைவிடக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில். அந்த மனிதர் புல்காட்டில் நின்று வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே எல்லைக்கல்லைத் தாண்டி வந்து, மகளின் தலைக்கு மேலிருந்து, சட்டை போட்டுவிடுவது போல அதை இறக்கிவிட்டார். நவீனாவின் செருப்பு புழுதியில் பதிந்தது. “கனக்குதுப்பா” என்றாள் அவள்.

அதன்பிறகு காப்பு இல்லாதவர்கள் அவரவர் ஆட்களுடையதைத் தேடி அந்தப் பக்கம் ஓடினார்கள், சிலருக்குக் கிடைத்தது, சிலருடையது இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அந்த இடத்தில் புல் இன்றைக்கும் நிமிர்ந்து வளர்வதில்லை. சாவுத்தீட்டில் காப்பை அறுத்துப் போட்டிருந்த பொங்கியண்ணனுக்கு, தனியாக வைத்திருந்ததை நாச்சிமுத்து கைகாட்டினார். அவன் அதைத் தூக்கித் தலையில் வைத்து, யாரையும் கை கொடுக்க விடாமல், வழியெல்லாம் இறக்கி இறக்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுடுகாட்டுக்குச் சுமந்துபோய்ச் சாம்பலின் மேல் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் அவன் தோள் வீங்கியிருந்தது, அதைத் தடவிக்கொண்டே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான், அவன் முகத்தில் அமைதி இருந்தது.

அடுத்த வருஷம் அளவு கொடுக்க வந்த ஒருத்தி வம்புக்கென்று ரோலர் கோஸ்டரைப் பற்றிக் கேட்டாளாம். நாச்சிமுத்து அளவெடுத்த நாடாவைக் கழுத்தில் போடாமல், “ஏத்துனதக் கொறையாம எறக்கி உடோணுமுங்க. மத்ததெல்லாம் அப்பறம்” என்று மட்டும் சொன்னாராம். அப்போது அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது.

கம்பம் பிடுங்கிய அந்தச் சாயங்காலம், கடைசி நேரத்தில் தராசுத் தட்டு இறங்கியது. பழனாத்தாள் எடுத்துவைத்திருந்த வெல்லம் போதவில்லை, மண்டியிலிருந்து இன்னொரு கூடை ஓடி வந்தது, தட்டுகள் சமமாக நின்றன. பிறகு பழனாத்தாள் நோம்பி முடிக்கும் மஞ்சள் நீராட்டுக்கு நின்றுகொள்ள, நாச்சிமுத்து மகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவள் உட்கார்ந்ததும் பின் டயர் அமுங்கியது. வாய்க்கால் மேட்டில் வண்டி திணறியது, புகை கக்கியது, நின்றுவிடும் போல முனகியது.

“அப்பா, நான் எறங்கிக்கட்டா?” என்று பின்னாலிருந்து நவீனா கேட்டாள்.

“வேண்டா கண்ணு, உக்காரு” என்றார் நாச்சிமுத்து, முன்னால் பார்த்துக்கொண்டே.